ஐஸ் கம்பெனியின் பின்பக்கம்

டிகிரி என்று அவனுக்குப் பெயர் வந்தது படிப்பால் அல்ல. எதைக் கண்டாலும் "எத்தனை டிகிரி?" என்று கேட்பான், அதனால் வந்தது. டீயை வாயில் வைப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து டம்ளருக்குள் விடுவான். குளிக்கிற தண்ணீர், வெயிலில் நின்ற சைக்கிளின் சீட், எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஒரு எண் தெரிந்தாக வேண்டும். ஒருமுறை மனைவி கோபத்தில் கத்திக்கொண்டிருந்தபோது தெர்மாமீட்டரை அவள் முன் நீட்டி, "வாயில வை, நிஜமாவே கொதிக்கிறியான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பட்டினியாகப் படுத்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பதினெட்டு வருஷம் ஒரு ஆலையின் பாய்லர் அறையில் வேலை பார்த்தவன். மீட்டரில் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கண்ணை எடுத்தால் பாய்லர் வெடித்துவிடும் என்று முதல் நாளே பயமுறுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் ஆலையை மூடிவிட்டார்கள். கண் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவன் ஆரம்பித்ததுதான் இன்குபேட்டர். அதாவது, தாய் வாத்து உட்காராமலே முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி. பழைய துணி பீரோ ஒன்றை வாங்கி, உள்ளே தகடு அடித்து, கீழே ஹீட்டர் கம்பி பொருத்தி, நடுவில் தட்டுகள் வைத்துப் பின்னறையிலேயே செய்தான். செய்து முடித்த பிறகுதான் அது அறை வாசலைவிட ஒரு சாண் அகலம் என்று தெரிந்தது. "வெளிய கொண்டு போக வேண்டிய அவசியம் என்ன?" என்று கேட்டுச் சமாளித்துவிட்டான். பெட்டிக்குள் முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க நடுத்தட்டின் மேல் ஒரு தெர்மாமீட்டர். பெட்டியின் கதவைத் திறந்தால் அழகாகத் தெரியும்.

முதல் தடவை போட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரே ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்திப் பாதி வெளியே வந்து, அப்படியே அடங்கிவிட்டது. அன்றைக்கு டிகிரி டீயைக்கூட அளக்காமல் குடித்தான். அதைப் பார்த்துத்தான் மனைவிக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"விட்டுடுங்களேன்" என்றாள். "அண்ணன் கம்பெனியில ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

டிகிரிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இன்னொரு தடவை. இதுவும் போச்சுன்னா இந்தப் பெட்டியை உடைச்சுப் போட்டுட்டு, உங்க அண்ணன்கிட்டயே போய் ஐஸ் பார் தூக்குறேன். போதுமா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டானே தவிர, அதைவிடப் பெரிய தண்டனை அவனுக்கு உலகத்தில் கிடையாது. மச்சான் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கம்பெனியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய அன்று உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார் மச்சான். ஐஸ் அறையின் கதவைத் திறந்தார், எல்லோரும் எட்டிப் பார்த்து "அப்பாடி!" என்றார்கள். "போதும் போதும், கதவை மூடுங்க, குளிர் வெளிய போகுது!" என்றார் பெருமையாக. டிகிரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "குளிர்னு ஒண்ணு வெளிய போகாது மச்சான். சூடுதான் உள்ள வரும். குளிர்ங்கிறது ஒரு பொருளே கிடையாது, சூடு கம்மியா இருக்கு, அவ்வளவுதான்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குளிரை விற்றுக் குடும்பம் நடத்துகிற மனிதரிடம் அவர் வீட்டு விசேஷத்தன்று, குளிர் என்று ஒன்று கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? மச்சான் அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர்தான்.

அதன் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் பேசுவதெல்லாம் நடுவில் இருக்கும் டிகிரியின் மனைவி வழியாகத்தான்.

மூன்றாம் தடவை முட்டைகள் நன்றாக வந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே உருவம் அசைவது தெரிந்தது. இன்னும் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அப்போதுதான், குளிர்காற்றும் தூறலுமாக விடிந்த ஒரு காலையில், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 'டமார்' என்று வெடித்துப் புகைந்தது. போன் போட்டுக் கேட்டால், "வேற கொண்டு வரணும் சார், நாளைக்குச் சாயங்காலம் ஆகும்" என்றார்கள்.

டிகிரி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். முப்பத்தேழு. மூடினான். கை சும்மா இருக்கவில்லை, மறுபடி திறந்தான். முப்பத்தாறு.

மனைவி கம்பளியை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றினாள்.

"கம்பளி சூடு குடுக்காதுடி. இருக்கிற சூட்டைப் போகாமப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான்."

"பிடிச்சாவது வைக்கட்டுமே. உங்க பேச்சு அதுகூடச் செய்யல."

டிகிரி நாலு மெழுகுவர்த்திகளைக் கொளுத்திப் பெட்டிக்குள் கீழ்த்தட்டில் நிறுத்தினான். "சுடர்ல ஆயிரம் டிகிரி இருக்கும், தெரியுமா? ஆயிரம்!" என்றான். ஆயிரம் டிகிரி இருந்து என்ன? சுடர் விரல்நுனி அளவு, பெட்டி பீரோ அளவு. புகைதான் மிச்சம். திறந்து பார்த்தால் முப்பத்துநாலு.

மனைவி அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைக் காய்ச்சி, மூடி போட்டுக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். டிகிரி தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பார்த்து, "எழுபதுதான் இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினான். அந்த எழுபதுதான் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பெட்டியைக் காப்பாற்றியது. ஆயிரத்தில் துளி இருப்பதைவிட எழுபதில் ஒரு பாத்திரம் இருப்பது மேல் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அளவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாத்திரம் மாற்றிப் பாத்திரம், மத்தியானம் வரை ஓட்டினார்கள். பிறகு அடுப்பு 'பொசுக்'கென்று அணைந்தது. சிலிண்டர் காலி. கடையில் பழைய குண்டு பல்பாவது கிடைக்குமா, யார் வீட்டு பேட்டரியிலாவது மாட்டலாமே என்று ஓடினான். கடைக்காரர் எல்.இ.டி. பல்பைக் கொடுத்தார். கடை பேட்டரியில் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தான். கண் கூசுகிறது, கை சுடவே இல்லை. "சூடாகாத பல்பு சார், கரண்ட் மிச்சம்!" என்று பெருமைப்பட்டார் கடைக்காரர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல கண்டுபிடிப்பைச் சபித்துக்கொண்டே வீடு திரும்பினான் டிகிரி.

மனைவி அதற்குள் முட்டைகளைத் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"அண்ணன் கம்பெனிக்குப் போறோம்."

"பைத்தியமா உனக்கு? சூடு இல்லாம சாகுற முட்டையை ஐஸ் கம்பெனிக்கா கொண்டு போறது?"

"முன்பக்கம் இல்லைங்க, பின்பக்கம். மழைக்காலத்துல அண்ணி துணியெல்லாம் அங்கதான் காயப்போடுவாங்க. ஜமுக்காளம் போட்டாக்கூட அரை மணியில காஞ்சிடும். நான் அங்க நின்னா எனக்கு வேர்த்துக் கொட்டும். அங்க ஜெனரேட்டர் இருக்கு, மிஷின் நிக்காது."

டிகிரி வாயைப் பிளந்தான். பிளந்த வாய் பிறகு மெதுவாக மூடியது. ஆமாம். தண்ணீர் ஐஸாக வேண்டுமென்றால் அதிலிருக்கும் சூட்டைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கிய சூடு எங்கே போகும்? காணாமல் போய்விடுமா? மிஷின் அதைப் பின்பக்கக் குழாய்களுக்குக் கடத்திக் காற்றில் கொட்டும். கம்ப்ரசர் தின்கிற கரண்டும் கடைசியில் சூடாகி அதோடு சேரும். ஊரெல்லாம் அளந்த மனிதன், மூன்று வருஷமாக வீம்பு பிடித்துக்கொண்டு அந்தப் பின்பக்கத்தை மட்டும் அளக்காமல் விட்டிருந்தான்.

கூடையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். மச்சான் வாசலிலேயே நின்றார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஐஸ் குத்தும் கொக்கி.

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு" என்றார் தங்கையிடம், "ஐஸ் கம்பெனியில முட்டைக்கு என்ன வேலைன்னு."

"அண்ணன் கேக்குது, ஐஸ் கம்பெனியில முட்டைக்கு என்ன வேலைன்னு."

"காதுல விழுந்துச்சு. பின்பக்கம் ஒரு நாள் வெச்சுக்கலாமான்னு கேளு."

"ஒரு நாள் வெச்சுக்கலாமான்னு கேக்குறார். அண்ணா, நீயும் கேட்டுட்ட, அவரும் கேட்டுட்டார். நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல குழாயா? இந்த முட்டை செத்துச்சுன்னா இந்த மனுஷன் இங்க வந்து ஐஸ் பார் தூக்கறேன்னு சொல்லியிருக்கார். தினமும் உன் பக்கத்துலயே நின்னு அளப்பார். யோசிச்சுக்கோ."

மச்சான் யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை. "பின்னாடி வரச் சொல்லு" என்றார்.

பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட நீளமான ஒடுக்கமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கம்பி கம்பியாகக் குழாய்கள், நடுவில் பெரிய மின்விசிறி. கூரைக்கடியில் காற்றுப் போக ஒரு திறப்பு, முன்னால் ஒரு தகரக் கதவு. குறுக்கே கயிறு கட்டி அண்ணி ஈரத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே கால் வைத்ததும் முகத்தில் வெதுவெதுவென்று அடித்தது. டிகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டே நடந்தான். குழாய்க்குப் பக்கத்தில் நாற்பத்துநாலு, கதவோரம் முப்பத்துமூன்று. நடுவில், ஒரு போர்வைக்குக் கீழே, முப்பத்தேழரை.

"இங்கதான்!" என்று கத்தினான். "ஈரத்துணி இருக்கிறதும் நல்லது, வாத்து முட்டைக்குக் கடைசியில ஈரம் வேணும்!"

மச்சானுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. "சொல்லு அவர்கிட்ட, அவ்வளவு குளிரை நான் உண்டாக்குறேன், இந்தச் சூடெல்லாம் எனக்குச் சும்மா மிச்சம்."

குளிரை உண்டாக்குகிறாராம்! டிகிரியின் தொண்டை வரை வந்துவிட்டது. மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வந்ததை அப்படியே விழுங்கினான். அண்ணி அதைக் கவனித்துவிட்டு, ஈரத் துணிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள்.

முட்டைகளைப் பலகையின் மேல் நெருக்கமாக அடுக்கி வைத்தார்கள். முட்டைக்குள் வளர்ந்த குஞ்சும் இந்தக் கடைசி நேரத்தில் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடு தரும், ஒன்றுக்கொன்று ஒட்டியிருந்தால் நல்லது. அதுவரைக்கும் சரி. அதன் பிறகு மச்சான் கையை நீட்டினார்.

"அந்தக் கண்ணாடிக் குச்சியை என்கிட்ட குடுத்துட்டு வெளிய நிக்கச் சொல்லு. என் இடம், என் காத்து. நான் பாத்துக்கிறேன்."

டிகிரியிடமிருந்து தெர்மாமீட்டரை வாங்குவது பல்லைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. வாங்கிவிட்டாள் மனைவி. மச்சான் உள்ளே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே டிகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூறலில் நடந்தான், நின்றான், கதவில் காதை வைத்தான். பிறகு மெல்லக் கதவைத் திறந்து தலையை நுழைத்து, "எத்தனை இருக்குன்னு கேளு" என்றான். கேட்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மனைவி அண்ணியோடு வீட்டுக்குள் போயிருந்தாள். மச்சான் அவனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவரிடம் சொன்னார்: "முப்பத்தேழரை. கதவு."

சற்று நேரம் கழித்து மறுபடி திறந்தான். "கதவு" என்றார் மச்சான் சுவரிடம். இருட்டுவதற்குள் அந்தச் சுவருக்கு 'கதவு' என்ற சொல் மனப்பாடமாகியிருக்கும். கடைசியில் மச்சான் எழுந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். இருபது வருஷமாக ஐஸ் அறை வைத்திருக்கிற மனிதர், அவர் இடத்தில் எந்தக் கதவும் சும்மா திறந்து கிடக்காது. டிகிரி ஜெனரேட்டர் ஓரத்தில் சாக்கை விரித்துச் சுருண்டான்.

விடியும் நேரத்தில் தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்டது. மச்சான் முகம் கழுவப் போய்த் திரும்புவதற்குள் டிகிரி பாய்ந்து போய்க் கதவை விரியத் திறந்து வாசலில் நின்றான். பலகையின் மேல் ஒரு முட்டை ஆடியது. ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். பக்கத்து முட்டையிலும். அதற்கடுத்ததிலும். ஓட்டுக்குள்ளிருந்து 'கீ, கீ' என்று குரல்கள். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஈரக்காற்று 'விர்'ரென்று உள்ளே போனது. குரல் சட்டென்று மெலிந்தது.

"யோவ் மாப்பிள்ளை!" மச்சான் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். "கதவைச் சாத்துங்க! சூடெல்லாம் வெளிய போகுது!"

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

மச்சான் தன்னிடம் நேராகப் பேசியது டிகிரிக்கு உறைக்கவில்லை. சொன்ன விஷயம்தான் உறைத்தது. பாய்லர் மீட்டர் வெளியே இருந்தது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். பீரோவின் தெர்மாமீட்டர் உள்ளே இருந்தது. சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தான். திறந்ததால் குறைந்தது. குறைந்ததைப் பார்த்துப் பயந்து மறுபடி திறந்தான். பகலெல்லாம், ராத்திரியெல்லாம், எழுந்து எழுந்து திறந்தான். சூடு எந்தப் பக்கம் போகும் என்று ஊருக்கே பாடம் சொன்னவன்.

"மச்சான்" என்றான். குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு தடவையும் நான்தான் கொன்னிருக்கேன். பாதி வெளிய வந்துச்சே, ஒண்ணு... அதையும் நான்தான், திறந்து திறந்து பாத்து..."

மச்சான் ஈர முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆனால் பழக்கம் விடுமா? "அழுறதுன்னா உள்ள வந்து அழுங்க, இல்ல வெளிய நின்னு அழுங்க. வாசல்ல நின்னு அழாதீங்க, மாப்பிள்ளை!"

டிகிரி உள்ளே போனான். கதவைச் சாத்தினான். மச்சான் காலிப் பெட்டியில் பாதியை அவனுக்கு ஒதுக்கினார். இருவரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் தெர்மாமீட்டரை நீட்டினார். டிகிரி வேண்டாம் என்று தலையாட்டினான்.

மத்தியானத்துக்குள் ஏறக்குறைய எல்லா முட்டையும் பொரித்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்த குஞ்சுகள், இறகு உலர்ந்ததும் எழுந்து, கண்ணில் முதலில் பட்ட பெரிய அசையும் பொருளைத் தாய் என்று முடிவு செய்தன. அது மச்சானின் ரப்பர் பூட்ஸ். அவர் எழுந்தால் எழுந்தன. நடந்தால் வரிசையாகப் பின்னால் நடந்தன. "போங்கடா!" என்று அவர் அதட்டினால் அதையும் தாய்மொழியாக எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கின. அண்ணி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். டிகிரியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றாள்.

பீரோவை உடைக்கவேண்டி வரவில்லை, கழற்ற வேண்டி வந்தது. கழற்றி, பலகை பலகையாக ஐஸ் கம்பெனியின் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். இந்தத் தடவை கதவில் ஒரு கண்ணாடி பதித்தார்கள். எந்த இடத்துக்கு வேலைக்குப் போவது பெரிய தண்டனை என்று டிகிரி நினைத்தானோ, அதே இடத்துக்கு இப்போது தினமும் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கிறான்.

ஒருநாள் ஐஸ் வாங்க ஆட்கள் கூடியிருந்தார்கள். மச்சான் ஐஸ் அறைக்குள் போனார். பின்னாலேயே குஞ்சுகளும் வாசல் வரை போய்க் குளிரில் சிலிர்த்து நின்றன. அவற்றைப் பிடிக்க ஓடிவந்த டிகிரி, கதவை அகலத் திறந்துவிட்டான்.

"மாப்பிள்ளை, கதவை மூடுங்க!" என்று உள்ளிருந்து மச்சான் கத்தினார். "குளிர் வெளிய போகுது!"

கத்திவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு டிகிரியைப் பார்த்தார். ஐஸ் வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள். டிகிரி வாயைத் திறந்தான். பிறகு குனிந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் எடுத்து விட்டான்.

"ஆமா மச்சான், போகுது" என்று சொல்லிக் கதவை மூடினான்.